பிள்ளைத்தாச்சிப் பொட்டலம்

ஸ்ரீராம்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாஷா பாய் கறிக்கடைதான். பால் வண்டி போன கையோடு ஷட்டரைத் தூக்கிவிடுவார். அரைத் தூக்கத்தில் லுங்கியோடு வருகிற ஆண்களும், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வருகிற பெண்களுமாகச் சந்து முழுக்க வரிசை நிற்கும். தெருப் பெருக்குகிறவர், பெயிண்டர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், யாராக இருந்தாலும் அன்றைக்குக் கால் கிலோவாவது வீட்டுக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

தீபாவளி கழிந்து குளிர் பிடிக்க ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வரிசையில் இரண்டு காலேஜ் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி உதயா, இன்னொருத்தி ஜெனிஃபர். இரண்டு பேருக்கும் ஊர் கோலார் தங்கவயல், ஒரே லைன் வீடு, ஒரே ஸ்கூல். இப்போது ஸ்ரீராம்புரத்தில் ஞானம்மாள் வீட்டு மாடியில் ஒரே ரூம். ஜெனிஃபர் சர்ச் பூசைக்குப் போகிற கோலத்தில் பளிச்சென்று இருந்தாள். உதயாவோ வெளுத்துப்போய்க் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த வெளுப்புக்கு ஒரு கதை இருக்கிறது. முதல் வருஷம் முழுக்க உதயா விடியற்காலையில் ஊர் ஸ்டேஷனான மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு திரும்புவாள். காலையில் ஒரு டீ, இண்டர்வெல்லில் டீயும் பன்னும், சாயங்காலம் கையில் காசு இருந்தால் ரோட்டோரக் கோபி மஞ்சூரி. ரூம் எடுத்துத் தங்கிய பிறகும் அதேதான், ரயில் மட்டும்தான் இல்லை. இரண்டாம் வருஷம் லேபில் ஒருத்தர் விரலை ஒருத்தர் குத்தி ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கிற பிராக்டிகல். உதயாவுக்கு எட்டு. கிளாஸிலேயே கடைசி. "மிஷின் கெட்டுப்போச்சு மிஸ்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தவள், எழுந்த வேகத்தில் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாள். கூடவே வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"டீயும் பன்னும் தின்னா ரத்தம் எங்கேர்ந்தும்மா ஊறும்? மாத்திரை மாத்திரையோட வேலையப் பாக்கும். மிச்சத்த வாயில போட வேண்டியது நீ. சாப்பாட்டுக்கு முன்ன பின்ன டீ தொட்ட, நான் உங்க அப்பனுக்கே போன் போடுவேன்."

போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதற்குள் யாரோ சொல்லி, ஊரில் ஆண்டர்சன்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் அப்பா தாஸுக்குச் சேதி போய்விட்டது. தாஸ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பேசினார்.

"கண்ணு, படிப்பு எங்கயும் ஓடிப்போவாது. உசுரு போனா வருமா? பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கெழம நான் வர்றேன். ரத்தம் பத்துக்கு மேல ஏறியிருந்தா இரு. இல்லாட்டி பெட்டியக் கட்டு. இங்கயே டவுன்ல இருக்கிற காலேஜ்ல சேந்துக்க."

"அங்க மைக்ரோபயாலஜி இல்லப்பா."

"இல்லாட்டி இன்னா? இருக்கிறதப் படி."

உதயாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எடுக்காத பெண் அவள். ஒரு சொட்டு மோரில் நீந்துகிற உயிர்களைப் பார்த்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். அதை விட்டுவிட்டு வா என்றால்?

அன்றைக்குத்தான் மாடி ரூமில் அடுப்புப் புரட்சி நடந்தது. அதே ரூமில் மூன்றாவது ஆள் ரக்ஷா, துமகூரு பக்கத்துக் கன்னடப் பெண், கறி மீன் தொடாதவள். அவள் இடுப்பில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு அறிவித்தாள்.

"நீவு ரெண்டு பேரும் சும்மனே இரி. இனிமே கிச்சன் நந்து, என்னுது. ராகி முத்தே, சொப்பு, காளு, உங்க பாஷையில களி, கீரை, பயறு. டீ பொட்டலத்த நானு மேல லாஃப்ட்ல வெச்சுட்டேன், யாராவது தொட்டா கைய முறிப்பேன்."

"ஏ ரக்ஷா, தங்கவயல்காரிக்கு டீ இல்லேன்னா ரத்தமே ஓடாதுடி" என்றாள் ஜெனிஃபர்.

"இப்ப மட்டும் எல்லி ஓடுது?"

நியாயமான கேள்வி. ஜெனிஃபர் எழுந்து குக்கரைக் கழுவப் போனாள். இதுவே பெரிய அதிசயம்.

ஒற்றை அடுப்பு, ஒரு குக்கர், பிடி ஆடுகிற ஒரு தோசைக்கல். அதில் அந்த மூன்று பெண்களும் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. இருட்டுகிற நேரத்தில் கீரை வண்டிக்காரி மிச்சத்தை ஏறக்கட்டுவாள். அப்போது போய் நின்றால் வாடத் தொடங்கிய கட்டுகளைச் சல்லிசாகத் தள்ளிவிடுவாள். முருங்கைக் கீரை, தண்டுக் கீரை, எது கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு வருவார்கள். கீரை வேக வைத்த தண்ணீரைக் கொட்டப் போன உதயாவின் கையில் ரக்ஷா பட்டென்று ஒன்று போட்டாள். அதில்தான் களிக்குத் தொட்டுக்கொள்ளச் சாறு வைக்க வேண்டும். கொள்ளுப்பயறை ஊறவைத்து ஜெனிஃபரின் பழைய துப்பட்டாவில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார்கள். முளை விட்டதைப் பார்த்து உதயா லேபில் குதிக்கிற மாதிரியே குதித்தாள். காலையில் ராகிக் கஞ்சி, பையில் ஒரு பிடி வேர்க்கடலை, மத்தியானச் சாப்பாட்டோடு கடிக்க ஒரு நெல்லிக்காய், ராத்திரிக்கு ஒரு முட்டை. உருண்டைக் களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று ரக்ஷா பாடம் நடத்த, "எங்க ஊர்லயும் களிதாண்டி, எனக்கே சொல்லிக்குடுக்கிறியா" என்று உதயா எதிர்த்துச் சண்டை போட, சாப்பாட்டு நேரம் திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

ஆனாலும் ஜெனிஃபருக்குத் திருப்தி இல்லை. "எங்க அம்மா என்னைய பெத்தப்ப சுவரொட்டி தின்னாங்களாம். ஆட்டோட மண்ணீரல். அது தின்னா ரத்தம் குபுகுபுன்னு ஊறுமாம்" என்று பிடித்த பிடியாக நின்றுதான் உதயாவை இழுத்துக்கொண்டு இந்த வரிசைக்கு வந்தாள்.

முன்னால் நின்ற அம்மாளுக்கு பாய் ஒரு சின்னப் பொட்டலத்தைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். ஜெனிஃபர் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கருஞ்சிவப்பாக, நாக்கு மாதிரி நீளமாக.

"பாய், எனக்கும் அந்த சுவரொட்டி ஒண்ணு."

பாய் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மருதாணித் தாடி, பனியன்மேல் ரப்பர் ஏப்ரன்; சின்னப் பெண் யாராக இருந்தாலும் அவருக்கு 'பேட்டி', மகள். "அரே, அது நக்கோ, வேணாம் பேட்டி. எல்லாருக்கும் குடுக்கிறதில்ல. ஆட்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். வயித்துல புள்ள இருக்கிறவ, புள்ள பெத்தவ, அவங்களுக்குன்னு எடுத்து வெக்கிறது. எங்க அப்பா இந்தக் கட்டையில உக்காந்த நாள்லேர்ந்து இதான் ரூல். மந்திரியே வந்து நின்னாலும் கெடையாது."

"எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா பாய்" என்றாள் ஜெனிஃபர், மூச்சு விடாமல்.

"யாரு?"

ஜெனிஃபர் மனதுக்குள் ஒரு அக்காவை ஜோடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பெயர் வைப்பதற்குள், வெறும் வயிற்றோடு கறி வாடையில் நின்றிருந்த உதயாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கம்பத்தில் சாய்ந்தாள். போதாதா?

"யா அல்லா! இந்தப் பொண்ணா? சின்னப் பொண்ணா கீதே! ஏ, அந்த ஸ்டூல எடுத்துப் போடுங்கப்பா! பேட்டி, உக்காரு, உக்காரு."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு நைட்டிக்கார அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "தலச்சனா? அப்டித்தான் கண்ணு இருக்கும். காலையில ரெண்டு பொரி வாயில போட்டுக்கினு வா" என்றாள். அவள் பார்வை உதயாவின் கழுத்துக்குப் போனது. பக்கத்திலிருந்தவள் காதைக் கடித்தாள். "இப்பல்லாம் படிச்ச பொண்ணுங்க எங்க தாலி போடுதுங்க?"

"வூட்டுக்காரரு?" என்று கேட்டார் பாய்.

"துபாய்ல" என்றாள் ஜெனிஃபர்.

உதயாவுக்கு வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. திறந்தால் வாந்தி வந்துவிடும் போல் இருந்ததால் திறக்கவில்லை. பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சந்து திரும்பியதும்தான் ஜெனிஃபரின் முதுகில் நாலு வைத்தாள்.

"துபாயாடி? துபாயா? நாசமாப் போறவளே!"

"பின்ன இன்னாடி, ரத்தம் கம்மின்னா அவரு ரூல்ல அது இல்லியே! கிறிஸ்மஸ்க்கு எல்லாத்தையும் மொத்தமா சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன், நீ கம்னு இரு." சொல்லிவிட்டு அப்படியே பூசைக்குப் போய்விட்டாள், மகராசி.

அன்றைக்கு மத்தியானம் சுவரொட்டியை லேசாகச் சுட்டு, வெட்டி, சின்ன வெங்காயத்தோடு மிளகும் சீரகமும் போட்டுப் புரட்டினார்கள். ரக்ஷா அது வேகிற வரைக்கும் பால்கனியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "வாசன மாத்திரம் சென்னாகிதே, நல்லாத்தான் இருக்குது, தூ" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உதயா முதல் துண்டை வாயில் வைத்தாள். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. அவ்வளவு ருசி!

ஒரு தடவை சொன்ன பொய் அடுத்த ஞாயிறும் வந்து நின்றது. பாய் வரிசையில் நிற்கவே விடுவதில்லை. தூரத்தில் பார்த்ததுமே "பேட்டி வந்தாச்சு, வழி விடுங்க" என்று குரல் கொடுப்பார். பொட்டலம் தயாராக இருக்கும். சில நாள் சூப்புக்கு ரெண்டு எலும்பும் அதோடு வந்து விழும். நைட்டிக்கார அம்மாள் ஒரு நாள் வீட்டிலிருந்து எள்ளுருண்டை கொண்டுவந்து கையில் திணித்தாள். இந்தச் சேதி கீரை வண்டிக்கும் போய், முருங்கைக் கீரை ஒரு கட்டுக்கு ரெண்டு கட்டாக வர ஆரம்பித்தது.

உடம்பு பொய் சொல்லுமா? உதயாவின் உதட்டில் நிறம் வந்தது. மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டை மூச்சு வாங்காமல் ஏறினாள். லேபில் மத்தியானத்துக்கு மேல் கண் சொருகுவது நின்றது. ஜீன்ஸ் பட்டனை இழுத்துப் போட வேண்டியிருந்தது. அதைப் பார்த்து வரிசைப் பெண்கள் கண்ணாலேயே மாதம் கணக்கிட்டார்கள். சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து உதயாவைப் பிடுங்கித் தின்றன. ராத்திரி படுத்தால் அந்த அம்மாளின் எள்ளுருண்டைதான் ஞாபகம் வரும். "அடுத்த வாரம் சொல்லிடறேன்" என்பாள். அடுத்த வாரம் ஸ்டூலைப் போட்டுவிடுவார்கள். எப்படிச் சொல்வது?

பொங்கலுக்கு முந்தைய வாரம் வெடித்தது. ஹவுஸ் ஓனர் ஞானம்மாள் முழங்கால் வலியோடு ஒரு படியும் விடாமல் ஏறி மாடிக்கு வந்தாள். அவள் மேலே வந்தாள் என்றாலே விஷயம் பெரிது.

"ஏண்டி, என் வூட்டு மாடியில பிள்ளைத்தாச்சி இருக்கான்னு மார்க்கெட்டு முழுக்கத் தெரிஞ்சிருக்குது, எனக்கு மட்டும் தெரியலியே! அவன் யாரோ துபாய்ல வேற இருக்கானாம்! யாருடி அது?"

"ஐயோ ஆண்ட்டி, அது எங்க அக்காவுக்கு" என்றாள் ஜெனிஃபர்.

"உனக்கு அக்காவே இல்லேன்னு அட்வான்ஸ் குடுக்க வந்த அன்னிக்கு உங்கம்மாதான சொன்னாங்க, ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணுன்னு!" ஞானம்மாள் உதயாவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "உங்கப்பா ஞாயித்துக்கெழம வர்றார்ல? வரட்டும். நான் அவர்கிட்டயே பேசிக்கிறேன்."

அவள் இறங்கிப் போனதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

திட்டம் போட்டது ரக்ஷா. சனிக்கிழமையே உதயா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் கொடுத்தாள். ரிசல்ட் ஞாயிறு மத்தியானம் போனுக்கு வரும். அப்பாவை ரக்ஷா மெட்ரோ ஸ்டேஷனிலேயே மடக்கி, பாய் கடை இல்லாத பக்கத்துச் சந்து வழியாகக் கூட்டி வர வேண்டும். ஜெனிஃபர் பூசையை விட்டு நேரே வந்து ஞானம்மாளைப் பேச்சுக் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். உதயா காலையிலேயே பாயிடம் போய், "நான் ஊருக்குப் போறேன், இனிமே பொட்டலம் வேணாம்" என்று பூசி மெழுகிவிட்டு வர வேண்டும். கேட்பதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை. பனி மூட்டத்தில் பாய் கடை பல்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. உதயா சந்தில் திரும்பியதும் அவள் கால் அப்படியே நின்றுவிட்டது.

வரிசையில் அப்பா. பிரவுன் சட்டை, கழுத்தில் மஃப்ளர், கக்கத்தில் மடித்து வைத்த பெரிய ஜிப் பை. அவள் ரூமுக்கு வந்த அன்று துணிமணி எல்லாவற்றையும் கொண்டுவந்த அதே பை. இப்போது காலியாக இருந்தது. முந்தின ரயிலைப் பிடித்து வந்துவிட்டார். மகளுக்கு அரைக் கிலோ கறி வாங்கிக்கொண்டு போகலாம் என்று, கண்ணில் பட்ட முதல் கடையில் நின்றிருக்கிறார்.

உதயா திரும்பி ஓடியிருப்பாள். ஆனால் பாய் பார்த்துவிட்டார்.

"பேட்டி! வா, வா! ஏ, ஸ்டூலு!"

தாஸ் திரும்பினார். "உதயா?"

"உங்க பொண்ணா?" பாயின் முகம் மலர்ந்தது. கட்டையை விட்டே எழுந்துவிட்டார். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நீட்டினார். "அடடா, முதல்லயே சொல்லக் கூடாதா? தாத்தா வந்துட்டாரு! முபாரக் ஜி, முபாரக்! மாப்பிள எப்போ துபாய்லேர்ந்து வர்றாரு?"

தாஸ் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்த கையை விடவும் இல்லை, குலுக்கவும் இல்லை. மகளைப் பார்த்தார். உதயாவுக்கு இத்தனை நாள் சேர்த்த ரத்தமெல்லாம் ஒரே நொடியில் வடிந்துபோன மாதிரி இருந்தது.

இதற்கு நடுவில், வரிசையில் முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வாடகை ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தவள், நிஜமாகவே நிறைமாதம். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "பாய், ஒண்ணு கூடவா இல்ல?" என்று கேட்டாள்.

"இன்னிக்கி ரெண்டே ஆடும்மா. ஒண்ணு காலையிலயே போயிடுச்சு. இன்னொண்ணு இந்தப் பேட்டிக்குன்னு கட்டி வெச்சாச்சு. வாரா வாரம் வர்ற பொண்ணு. நீ அடுத்த வாரம் வா, நான் எடுத்து வெக்கிறேன்."

அந்தப் பெண் திரும்பி உதயாவைப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்தாள். "சரி பாய், அவங்களுக்கே குடுங்க. பாவம், மூஞ்செல்லாம் வெளுத்துப்போயிருக்குது. எனக்கு எப்பிடியோ ஆயிடும்." மெதுவாகத் திரும்பி ஆட்டோவைப் பார்க்க நடந்தாள்.

அவ்வளவுதான். உதயாவால் அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, நில்லுங்க!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். "பாய், அவங்களுக்குக் குடுங்க. நான் பிள்ளைத்தாச்சி இல்ல. எனக்குக் கல்யாணமே ஆவல. துபாய்ல யாரும் இல்ல. எனக்கு ரத்தம் கம்மி, மயக்கம் போட்டு விழுந்துட்டேன். சுவரொட்டி தின்னா ரத்தம் ஏறும்னு சொன்னாங்க. ரூல் தெரிஞ்சு பொய் சொல்லி வாங்கினோம். தப்புத்தான் பாய். ஆண்ட்டி, உங்க எள்ளுருண்டையும் நான்தான் தின்னேன். அப்பா... அப்பா, மன்னிச்சிக்கப்பா."

நைட்டிக்கார அம்மாள் வாயில் விரலை வைத்தபடி நின்றாள். பாய் கட்டையில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அடிபட்ட மாதிரி இருந்தது. அதுதான் உதயாவை இன்னும் கொன்றது.

"ரத்தம் கம்மின்னு சொல்லியிருந்தா," என்றார் மெதுவாக, "நான் இன்னா நக்கோன்னா சொல்லியிருப்பேன்? ரூலு எதுக்கு பேட்டி? ரத்தம் வேணுங்கிறவங்களுக்குத்தான ரூலு?"

பொட்டலத்தை எடுத்தார். ஆட்டோப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. பிறகு கத்தியை எடுத்து, கொக்கியில் தொங்கியதிலிருந்து ஒரு துண்டை அறுத்து, தாளில் சுற்றி உதயாவிடம் நீட்டினார்.

"ஈரல். இதுக்கு ரூல் கெடையாது. புடி."

உதயா வாங்காமல் நின்றாள். "புடின்றேன்ல!" என்று அதட்டினார். தாஸ் பக்கம் திரும்பினார். "ஜி, உங்க பொண்ணு பொய் சொல்றதுல சுத்த வேஸ்ட்டு. இவ்ளோ நாள் எப்பிடி ஏமாந்தேன்னே தெரியல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாஸ் சிரிக்கவில்லை. கறிக்குக் காசைக் கொடுத்தார், பையைக் கக்கத்தில் இடுக்கினார், நடந்தார். பின்னாலேயே உதயா அழுதுகொண்டே போனாள். லேப், எட்டு, ஜெனிஃபர், ஸ்டூல் என்று எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டு போனாள். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, அந்தக் காலிப் பைக்குள் இன்று நான் போகப்போகிறேன் என்று நினைத்தாள்.

கேட்டருகே ஞானம்மாள் புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். பக்கத்தில் ஜெனிஃபர், அவசரமாக ஓடிவந்த ரக்ஷா, இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி.

"வாங்க. உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். உங்க பொண்ணப் பத்தி..."

"எம்பொண்ணுக்கு ரத்தம் கம்மிம்மா" என்றார் தாஸ். கேட்டைப் பிடித்தபடி, அமைதியாக, கீழ் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கேட்கிற குரலில். "வேற ஒண்ணும் இல்ல. யாரு கேட்டாலும் அப்பங்காரன் சொன்னான்னு சொல்லுங்க."

ஞானம்மாள் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "அதான் நானும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "எனக்கும்தான் சுகர்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மேலே அடுப்பு எரிந்தது. ரக்ஷா ராகியைக் கிண்டினாள். முந்தின நாள் அவரைக்கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் சாறு கொதித்தது. உதயா ஈரலை மிளகு போட்டு வறுத்தாள். ரக்ஷா பால்கனிக்குப் போக மறந்து அடுப்பருகிலேயே நின்றாள். ஜெனிஃபர் தாஸ் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமா, பொய் சொன்னது நான்தான். துபாயும் நான்தான். அவ மேல தப்பில்ல."

"தெரியும்" என்றார் தாஸ். "உங்கப்பனும் ஸ்கூல்ல அப்டித்தான்."

கதவோரத்தில் அந்தப் பை கிடந்தது. உதயா அதைப் பார்க்காமல் பரிமாறினாள். தாஸ் களி உருண்டையைக் கிள்ளி, சாற்றில் தோய்த்து, விழுங்கினார். கீரையைத் தொட்டார். ஈரல். முட்டை. தட்டை வழித்தார். ஒன்றும் சொல்லாமல் தட்டை நீட்டினார். ரக்ஷா இன்னொரு உருண்டையை வைத்தாள். அவள் வைத்த வேகத்தில் உருண்டை தட்டுக்கு வெளியே உருண்டது.

"தெனமும் இதான் துன்றீங்களா?"

"ஆமாப்பா."

"டீ?"

"லாஃப்ட்ல அங்கிள்" என்றாள் ரக்ஷா. "நானே வெச்சேன்."

அந்த நேரத்தில் போன் டிங் என்றது. உதயா கையைத் துடைக்காமலேயே பாய்ந்து எடுத்தாள். மூன்று தலைகளும் போனுக்குள் புகுந்தன. அடுத்த நொடி ஜெனிஃபர் கத்தின கத்தலில் கீழே ஞானம்மாள் வீட்டு டிவி நின்றது.

"பத்து பாயிண்ட் எட்டு! மாமா! பத்து பாயிண்ட் எட்டு!"

ரக்ஷா கரண்டியோடு உதயாவைக் கட்டிக்கொண்டாள். மூவரும் அந்தச் சின்ன இடத்தில் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு ஆடினார்கள். குக்கர் மூடி உருண்டது. முளை கட்டிய கொள்ளு மூட்டை ஜன்னலில் ஊஞ்சலாடியது. உதயா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். சட்டென்று அப்பாவின் ஞாபகம் வந்து நின்றாள்.

தாஸ் போனை வாங்கிப் பார்க்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவினார். "கடையில நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா," என்றார், "பொட்டலம் உனக்குத்தான வந்திருக்கும்?"

"ஆமாப்பா."

"நானும் இன்னிக்கே உண்மையத் தெரிஞ்சிக்கினு இருக்கமாட்டேன்."

"ஆமாப்பா... ஆனா அவங்களுக்கு ரெண்டு உசுருப்பா."

தாஸ் எழுந்து மஃப்ளரைக் கழுத்தில் சுற்றினார். "ரயிலுக்கு நேரமாவுது" என்றார். மூன்று பேரும் படி இறங்குகிற வரைக்கும் பின்னாலேயே போனார்கள். இருக்கலாமா, பெட்டியைக் கட்டணுமா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. கேட்டைத் தாண்டும்போதுதான் ரக்ஷா மேலே ஓடிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள்! பேகு! மறந்துட்டீங்க!"

தாஸ் திரும்பினார். "மறக்கல. இங்கயே இருக்கட்டும். மூணு பேரு கீரை காய் வாங்கிக்கினு வர்றதுக்குப் பெரிய பையா இருந்தா நல்லது."

உதயாவுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவர் அதற்குள் சந்து முனைக்குப் போய்விட்டார். அங்கிருந்தே கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். முகத்தை இறுக்கமாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மீசை துடித்துக்கொண்டிருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழம பாய் கேட்டா சொல்லு," என்றார் தாஸ். "தாத்தா ஊருக்குப் போயிட்டாருன்னு."